கோர்ட்டு விடுதலை செய்த பிறகும் துறை விசாரணையா? ‘டபுள் ஜெப்பர்டி’ எதுவரை காக்கும்?

கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். கேட்டவரின் அண்ணன் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளர். நகைக்கடன் கணக்கில் கையாடல் என்று அவர்மேல் வழக்கு. பல வருடம் இழுத்தடித்து, கடைசியில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சாட்சிகள் இருவர் பிறழ் சாட்சியானார்கள், ஒரு பதிவேட்டின் அசல் கோர்ட்டுக்கு வரவில்லை, சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைத்தது. இனிப்பு வாங்கிக் கொடுத்த கை காய்வதற்குள் மூன்று காகிதங்கள் வந்திருக்கின்றன. நிறுத்தி வைத்திருந்த ஒழுங்கு நடவடிக்கையைத் தொடர்வதாகச் சங்கத்திலிருந்து ஒரு குறிப்பாணை. சங்கத்தின் இழப்பை அவரிடம் வசூலிப்பதற்கான தண்டத்தீர்வை விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு நோட்டீஸ். விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்திருப்பதாக அமர்வு நீதிமன்றத்திலிருந்து ஒரு சம்மன். “ஒரே குற்றத்துக்கு ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் நிறுத்துவார்கள்? இதெல்லாம் டபுள் ஜெப்பர்டி இல்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

இல்லை. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு தடவை தண்டிக்கக் கூடாது என்பதுதான் டபுள் ஜெப்பர்டி விதி. அதைச் சொல்லும் அரசியலமைப்பின் 20(2) கூறு இந்த மூன்றில் எதையும் நேராகத் தடுக்காது. ஆனால் மூன்றுக்கும் தனித்தனியாகத் தற்காப்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்றங்களில் நான் பார்த்தவரை, இந்த மாதிரி ஆட்கள் 20(2)-ஐயே பிடித்துத் தொங்கி, கையில் இருக்கும் உண்மையான தற்காப்பைக் கோட்டை விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். ‘ஜெப்பர்டி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. சமமாகப் பிரிந்த ஆட்டம் என்று பொருள். இப்படியும் சாயலாம், அப்படியும் சாயலாம், யார் வெல்வார் என்று தெரியாத நிலை. ஆக, சொல்லின் உள்ளே இருப்பது தண்டனை இல்லை, தண்டனை வந்துவிடுமோ என்கிற இடர். தலைக்கு மேல் கத்தி தொங்குகிற காலம். நம் பாடப்புத்தகங்கள் இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கின்றன. சில ‘இரட்டை இடர்’ என்கின்றன, சில ‘இரட்டைத் தண்டனைத் தடை’ என்கின்றன. ஒன்றுக்கொன்று மாற்றுச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பெயர் அமெரிக்கச் சட்டத்துக்குப் பொருந்தும். நம் அரசியலமைப்பில் இருப்பது இரண்டாவது.

அமெரிக்காவில் 1791-இல் வந்த ஐந்தாம் திருத்தம், ஒரே குற்றத்துக்காக ஒருவரை இரண்டு தடவை அந்த இடரில் வைக்கவே கூடாது என்கிறது. தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் ஜூரிகள் உறுதிமொழி எடுத்த நிமிடத்திலேயே அந்த இடர் தொடங்கிவிட்டதாக அங்கே கணக்கு. ஜூரி விடுதலை என்று சொல்லிவிட்டால் அரசு மேல்முறையீடுகூடப் போக முடியாது. இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னதில்லை. 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றதாக இரண்டு பேர்மேல் வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி இருவரையும் விடுவித்தது. சில மாதம் கழித்து, 1956 ஜனவரியில், அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று விவரமாகச் சொன்னார்கள். மறுபடி யாரும் அவர்களைக் கொலைக் கூண்டில் ஏற்றவில்லை, ஏற்றவும் முடியாது.

இந்தியாவில் கதை வேறு. உங்கள் அண்ணனின் நிலைமையை நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் 1948-லேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? வரைவில் இது 14-ஆவது கூறாக இருந்தது. ஒரே குற்றத்துக்காக ஒருவரை ஒரு தடவைக்கு மேல் தண்டிக்கக் கூடாது, அவ்வளவுதான் வாசகம். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, நசிருத்தீன் அகமது ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ‘தண்டிக்க’ என்பதற்கு முன்னால் ‘வழக்குத் தொடர்ந்து’ என்று பொருள்படும் இரண்டே ஆங்கிலச் சொற்களைச் சேர்க்கச் சொன்னார். அதை ஆதரித்துப் பேசியவர் சென்னையிலிருந்து போயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். வரைவில் இருக்கிறபடியே விட்டால், துறை நடவடிக்கையில் தண்டனை வாங்கிய ஒரு அரசு ஊழியரைக் கோர்ட்டில் நிறுத்த முடியாமல் போகும். கோர்ட்டு தண்டித்த ஊழியர்மேல் துறை நடவடிக்கை எடுக்க முடியாமலும் போகும். திருத்தம் ஏறியது. இன்று 20(2)-இல் ஒரே குற்றத்துக்காக ‘வழக்குத் தொடர்ந்து தண்டிப்பது’ ஒரு தடவைக்கு மேல் கூடாது என்று இருப்பது அப்படி வந்ததுதான்.

ஆக, கோர்ட்டும் துறையும் தனித்தனியே நடவடிக்கை எடுப்பது சட்டத்தில் தவறிப்போன ஓட்டை இல்லை, வேண்டுமென்றே விட்ட கதவு. அந்தக் கதவின் மேல் போய் 20(2) என்று எழுதி ஒட்டினால் திறந்த கதவு மூடிக்கொள்ளாது.

அப்படிச் சேர்த்த ‘வழக்குத் தொடர்ந்து’ என்ன செய்தது என்பதை 1953-லேயே உச்ச நீதிமன்றம் காட்டிவிட்டது. மக்பூல் ஹுசைன் என்பவர் 1949 நவம்பரில் ஜெத்தாவிலிருந்து பம்பாய் சாந்தா குரூஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அறிவிக்காமல் தங்கம் கொண்டுவந்திருந்தார், 107.2 தோலா. சுங்கத் துறை தங்கத்தைப் பறிமுதல் செய்தது, வேண்டுமானால் 12,000 ரூபாய் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்றது. பிறகு அதே தங்கத்துக்காக அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அவர்மேல் கோர்ட்டில் வழக்கு. ‘ஏற்கெனவே தண்டித்துவிட்டீர்களே’ என்றார் அவர். சுங்க அதிகாரி நீதிமன்றம் இல்லை, அவர் முன் நடந்தது குற்றவழக்கும் இல்லை, ஆகவே 20(2) இந்த இடத்துக்கே வரவில்லை என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டே எஸ்.ஏ. வெங்கடராமன் வழக்கு. பிரிட்டிஷ் காலத்து ஆட்சிப்பணியான ஐ.சி.எஸ்.-இல் வந்த அதிகாரி, மத்திய அரசில் செயலாளராக இருந்தவர். 1850-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி அவர்மேல் விசாரணை நடந்து, வேலை போனது. பிறகு லஞ்ச வழக்கு. அங்கேயும் அதே பதில்தான்: முன்னால் நடந்தது உண்மை அறியும் விசாரணை, குற்றவழக்கு அல்ல.

தொழில் செய்பவர்களுக்கும் இதேதான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 131-ஆவது பிரிவு, பறிமுதலோ அபராதமோ விதித்துவிட்டதாலேயே வேறு தண்டனை தடைபடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அபராதம் கட்டிவிட்டோம், தலைமுழுகிவிட்டோம் என்று நினைத்திருந்த வியாபாரி ஒருவர், பிறகு கோர்ட்டு சம்மனோடு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

சரி, 20(2)-இல் இன்னொரு குறை. ‘வழக்குத் தொடர்ந்து தண்டிப்பது’ என்றால், முதல் தடவை தண்டனை கிடைத்திருக்க வேண்டும். விடுதலை ஆனவருக்கு அந்தக் கூறு பேசுவதே இல்லை! உங்கள் அண்ணன் விடுதலையானவர். அவருக்கான காப்பு அரசியலமைப்பில் இல்லை, நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 300-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337-ஆவது பிரிவு. அதிகாரம் உள்ள ஒரு நீதிமன்றம் விசாரித்து, தண்டித்தாலும் சரி, விடுதலை செய்தாலும் சரி, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. அதோடு, அதே சம்பவ விவரங்களை வைத்து அப்போதே சாட்டியிருக்கக்கூடிய வேறு குற்றத்துக்காகவும் முடியாது.

இதில் ஒவ்வொரு சொல்லும் கனமானது. ‘விசாரித்து’ என்றால் வழக்கு நடந்து முடிந்திருக்க வேண்டும். குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே ‘விடுவிப்பு’ மனுவில் வெளியே வந்தவர் இதில் வரமாட்டார். விடுவிப்பு வேறு, விடுதலை வேறு. புகார் தள்ளுபடி ஆனதும் விடுதலை ஆகாது. ‘நிலைத்திருக்கும்வரை’ என்பது மேல்முறையீட்டுக்கான வாசல். அதைப் பிறகு சொல்கிறேன். அடிபட்டவர் பின்னால் செத்துப்போனால் என்ன என்பதையும் இதே பிரிவு யோசித்து வைத்திருக்கிறது. கொடுங்காய வழக்கில் தண்டனை பெற்றவரை, காயம்பட்டவர் அதன்பின் இறந்தால், மரணம் விளைவித்ததற்காகத் தனியாக விசாரிக்கலாம்.

இந்தப் பிரிவு உண்மையில் கடிக்கும் என்பதற்கு ஒரு வழக்கு, உங்கள் அண்ணன் வழக்கோடு சொந்தம் கொண்டாடக்கூடியது. கேரளத்தில் பேராம்பிரா அரசு விதைப் பண்ணையில் வேளாண் அலுவலராக இருந்த ஒருவர், 1990-களின் தொடக்கத்தில் பணம் கையாடியதாக வழக்கு. அந்தப் பதவிக்காலம் பற்றி ஏற்கெனவே வழக்கு நடத்தித் தண்டனையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அதே காலத்து வேறு தொகை என்று இன்னொரு வழக்கு. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இதை முதல் வழக்கிலேயே சேர்த்திருக்கலாம், சேர்க்காமல் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவர முடியாது என்று இரண்டாவதை ரத்து செய்தது. கூட்டுறவு வழக்குகளில் இந்த நறுக்கும் வேலை சாதாரணமாக நடக்கும். ஒரு தணிக்கை அறிக்கை, ஐந்து வழக்கு. வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவிலிருந்து உங்கள் அண்ணனுக்கு நாளை இன்னொரு குற்றப்பத்திரிகை வந்தால் முதலில் எடுக்க வேண்டியது இந்தத் தீர்ப்பு.

ஆனால் ‘அதே சம்பவம்’ என்பதும் ‘அதே குற்றம்’ என்பதும் ஒன்றில்லை. ஒவ்வொரு குற்றத்துக்கும் சட்டம் சில உறுப்புகளை வைத்திருக்கிறது. ஒன்றில் இருக்கும் உறுப்பு மற்றதில் இல்லையென்றால் அவை வேறு வேறு குற்றம். ஆற்றில் மணல் அள்ளினால் கனிமச் சட்டத்திலும் வழக்கு வரும், மணல் அரசின் சொத்து என்பதால் திருட்டு வழக்கும் வரும், இரண்டும் தனித்தனி என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக் திரும்பிய வழக்கும் மோசடி வழக்கும் என்ன உறவு என்பதில் உச்ச நீதிமன்றத்துக்கே இரண்டு மனசு. 2011-இல் ஒரு அமர்வு, ஒன்று நடந்தால் மற்றது கூடாது என்றது. 2012-இல் இன்னொரு அமர்வு, மோசடிக்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும், செக் வழக்குக்கு வேண்டியதில்லை, ஆகவே இரண்டும் நடக்கலாம் என்றது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2022-இல் இந்த முரண்பாட்டைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை, விட மனசில்லை. விடுதலைத் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று நம் நீதிமன்றங்கள் பேசும்போதெல்லாம் மேற்கோள் காட்டுவது சாம்பசிவம் என்ற ஒரு மலாயாத் தமிழரின் வழக்கை. 1948, மலாயாவில் அவசரநிலை. அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டு: கைத்துப்பாக்கி வைத்திருந்தார், தோட்டாக்கள் வைத்திருந்தார். தோட்டாக் குற்றச்சாட்டில் விடுதலை. துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் மறுவிசாரணை. அந்த மறுவிசாரணையில் துப்பாக்கி, தோட்டா இரண்டையும் ஒப்புக்கொள்வதாக இருந்த அவருடைய வாக்குமூலம் ஒன்றைக் காட்டி, மரண தண்டனை விதித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் அதை ரத்து செய்தது. தோட்டா வைத்திருக்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் முடிவு செய்த பிறகு, அந்தத் தீர்ப்பை வாயளவில் ஏற்றுக்கொண்டு சாட்சியத்தில் மறுக்க முடியாது. விடுதலை என்றால் அடுத்த வழக்கிலும் அரசு அதை உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 1956-இல் நம் உச்ச நீதிமன்றமும் இதைத் தழுவிக்கொண்டது. ஒரு தமிழரின் தூக்குக் கயிற்றிலிருந்து கழன்று வந்த விதி இது.

இனி உங்கள் முதல் காகிதம், ஒழுங்கு நடவடிக்கை. கோர்ட்டில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். அளவுகோலே வேறு. ஆகவே கோர்ட்டில் விடுதலை, துறையில் வேலைநீக்கம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். இதைச் சொல்லும்போது கட்சிக்காரர்கள் என்னைத்தான் எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி பார்ப்பார்கள்.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று கோலார் தங்க வயலில் நடந்தது. கேப்டன் பால் அந்தோணி என்பவர் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி. 1985-இல் அவர் வீட்டில் போலீஸ் சோதனை. 4.5 கிராம் எடையில் ஒரு தங்க உருண்டையும் 1,276 கிராம் தங்கம் கலந்த மணலும் கிடைத்ததாகச் சொன்னார்கள். தற்காலிகப் பணிநீக்கம், கூடவே கோர்ட்டு வழக்கு, கூடவே துறை விசாரணை. பணிநீக்கத்தில் இருப்பவர் பிழைக்கத் தர வேண்டிய குறைந்த சம்பளமான பிழைப்பூதியத்தையும் கொடுக்கவில்லை. கையில் காசில்லாமல் அவர் கேரளத்துக்குப் போய்விட்டார், விசாரணைக்கு வர வழியில்லை. 1986-இல் அவர் இல்லாமலே விசாரணையை முடித்து வேலையிலிருந்து நீக்கினார்கள். 1987-இல் கோர்ட்டு விடுதலை செய்தது, அந்தச் சோதனையே நிரூபிக்கப்படவில்லை என்று. 1999-இல்தான் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது. கோர்ட்டிலும் துறையிலும் ஒரே சம்பவம், ஒரே சாட்சிகள், ஒரே சோதனை. கோர்ட்டு அந்தச் சோதனையையே நம்பவில்லை. அதே சோதனையை நம்பி ஒருதலைப்பட்சமாகக் கொடுத்த துறைத் தீர்ப்பு மட்டும் நிற்பது அநியாயம். பிழைப்பூதியம் கொடுக்காததையும் நீதிமன்றம் சும்மா விடவில்லை. சோறு போடாமல் பந்தயத்துக்குக் கூப்பிட்ட கதைதானே அது.

மற்றது நம் தென்காசியில். 1999 ஜூலை, குற்றாலம் சீசன். பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்ட ஒரு காவலர், இரவு பதினொரு மணி வாக்கில் குடித்துவிட்டுத் தென்காசி பேருந்து நிலையத்தில், கணவரோடு பஸ்சுக்கு நின்ற ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று வழக்கு. துறை விசாரணை நடத்தி வேலையை விட்டு நீக்கினார்கள். கோர்ட்டில் அந்தப் பெண்ணும் கணவரும் பிறழ் சாட்சியானதால் விடுதலை. உயர் நீதிமன்றம், விடுதலை ஆகிவிட்டதே என்று நீக்கத்தை ரத்து செய்தது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கத்தைத் திரும்ப உறுதி செய்தது. சாட்சி பிறழ்ந்து கிடைத்த விடுதலை ‘கௌரவமான விடுதலை’ ஆகாது. விடுதலையானால் தானாக வேலைக்குத் திரும்பலாம் என்று விதி எதுவும் இல்லாதபோது துறையின் முடிவு நிற்கும் என்றது. பொது இடங்களில் பெண்களைச் சீண்டுவதைத் தடுக்க மாநிலங்களுக்குக் கட்டளைகள் போட்டதும் இதே தீர்ப்பில்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறார் உங்கள் அண்ணன்? நேர்மையாகச் சொன்னால், தென்காசிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறார். பிறழ் சாட்சி, சந்தேகத்தின் பலன் என்ற சொற்கள் தீர்ப்பில் இருக்கின்றன. ஆனால் அசல் பதிவேடு வரவில்லை என்பது கோலார் பக்கம் இழுக்கும். தீர்ப்பின் கடைசிப் பத்தியை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள். நடுவர் எந்தச் சாட்சியத்தை ஏன் நம்பவில்லை என்று நடுப்பக்கங்களில் எழுதியிருப்பார், உங்கள் பதில் அங்கேதான் இருக்கிறது. துறை விசாரணையில் புதிதாக ஒரு சாட்சியோ ஆவணமோ இல்லாமல், கோர்ட்டு தள்ளிய அதே காகிதங்களை மட்டும் வைத்து நடத்தினால், பால் அந்தோணி தீர்ப்பை முதல் நாளிலேயே எழுத்தில் எழுப்புங்கள். தற்காலிகப் பணிநீக்கக் காலத்துப் பிழைப்பூதியம் பாக்கி இருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

இது எதிர்த்திசையிலும் ஓடும். அந்நியச் செலாவணி விவகாரம் ஒன்றில், துறையே விசாரித்து, குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று கைவிட்ட பிறகு அதே விவரங்களுக்குக் கோர்ட்டில் குற்றவழக்கு நடத்துவது முறைகேடு என்று ராதேஷ்யாம் கேஜ்ரிவால் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எளிய அளவுகோலிலேயே தேறாத ஒன்று, கடுமையான அளவுகோலில் எப்படித் தேறும்? ஆனால் தொழில்நுட்பக் காரணத்துக்காகக் கைவிட்டிருந்தால் இந்த வாதம் எடுபடாது, தகுதியின் பேரில் கைவிட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது காகிதம், தண்டத்தீர்வை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, 87-ஆவது பிரிவு. பெயரில் ‘தண்டம்’ இருப்பதால் எல்லோரும் தண்டனை என்று நினைக்கிறார்கள். சங்கத்துக்கு ஏற்பட்ட இழப்பை, காரணமானவரிடமிருந்து வசூலிக்கும் வழி இது, சிறையில்லை, குற்றவாளி என்ற பட்டமும் இல்லை. அதனால் டபுள் ஜெப்பர்டி வாதம் இங்கே எடுபடாது. எடுபடக்கூடியவை மூன்று. பிரிவிலேயே காலவரம்பு இருக்கிறது, சம்பவத் தேதியிலிருந்து நோட்டீஸ் தேதிவரை எண்ணிப் பாருங்கள், பல நடவடிக்கைகள் இந்த எண்ணிக்கையிலேயே விழுந்திருக்கின்றன. அடுத்து, வெறும் கவனக்குறைவு போதாது, நம்பிக்கை மோசடியோ வேண்டுமென்றே செய்த அலட்சியமோ காட்டப்பட வேண்டும். கடைசியாக, நகைக்கடன் என்றால் நகை மதிப்பீட்டாளர், கடன் அனுமதித்த நிர்வாகக்குழு எல்லோருக்கும் பங்கிருக்கும், மொத்தத் தொகையையும் செயலாளர் தலையில் மட்டும் கட்டுவதை எதிர்க்கலாம்.

மூன்றாவது, மேல்முறையீடு. அமெரிக்காவில் இருந்தால் இந்தக் காகிதமே வந்திருக்காது. நம் ஊரில் மேல்முறையீடு என்பது முதல் வழக்கின் தொடர்ச்சி, இரண்டாவது வழக்கு இல்லை. தமிழ்நாட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்த உதாரணம், ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு. 2014 செப்டம்பர் 27-இல் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது. 2015 மே 11-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையைத் தள்ளி, பழைய தண்டனைக்கே உயிர் கொடுத்தது. அவர் அதற்கு முன்பே இறந்திருந்தார், மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். சட்டத்தின் கண்ணில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அது ஒரே வழக்கு. 2002 கலவரத்தில் ஒரு பேக்கரியில் ஆட்களை எரித்துக் கொன்ற குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2003-இல் 21 பேர் விடுதலை. சாட்சிகளை மிரட்டியிருக்கிறார்கள், நடந்தது விசாரணையே இல்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி முதலிலிருந்து நடத்தச் சொன்னது. 2006-இல் 9 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அங்கே முதல் சுற்றை ஆட்டமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு இதில் ஆறுதலான பகுதியும் உண்டு. விடுதலைக்கு எதிரான மேல்முறையீட்டில் நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது என்று சந்திரப்பா வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுக்கு வர வாய்ப்பிருந்து, கீழ் நீதிமன்றம் அதில் ஒன்றை எடுத்திருந்தால், தனக்கு மற்றது பிடித்திருக்கிறது என்பதற்காக மேல் நீதிமன்றம் அதைக் கலைக்கக் கூடாது. உங்கள் அண்ணனுக்கு அமர்வு நீதிமன்றத்தில் வாதம் இதுதான்.

பொதுவாழ்க்கையில் இருப்பவர்களுக்கு வரும் தொல்லை இன்னொரு ரகம். அங்கே ஒரு தடவை தண்டித்து முடித்துவிட்டு மறுபடி வருவதில்லை, ஒரே நேரத்தில் ஊருக்கு ஒரு வழக்காக வரும். 2005-இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்க் கோர்ட்டுகளில் 23 புகார்கள் போட்டார்கள். எதுவும் முடியாததால் டபுள் ஜெப்பர்டி பேச முடியாது. ஆனால் அலைச்சலே தண்டனைதானே? 2010-இல் உச்ச நீதிமன்றம் 23-ஐயும் மொத்தமாக ரத்து செய்தது. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது முதல் தகவல் அறிக்கை கூடாது என்று கூத்துப்பறம்பு துப்பாக்கிச் சூடு தொடர்பான டி.டி. ஆண்டனி வழக்கில் 2001-லேயே சொல்லியிருக்கிறார்கள். இன்று பேச்சுக்காக மாநிலத்துக்கு மாநிலம் வழக்கு வாங்கும் எல்லாக் கட்சிக்காரர்களும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வது அந்தத் தீர்ப்பைத்தான்.

எந்த நாட்டுக்காரர்கள் செய்தது சரி என்று கேட்டால், நான் இங்கிலாந்துப் பக்கம். நெடுங்காலம் அமெரிக்கர்களைப் போலவே இறுக்கமாக இருந்தவர்கள், ஸ்டீபன் லாரன்ஸ் என்ற இளைஞரின் 1993 கொலைக்குப் பிறகு 2003-இல் சட்டத்தை மாற்றினார்கள். கொலை போன்ற பெரிய குற்றங்களில், வலுவான புதிய சாட்சியம் வந்தால் மட்டும், மேல் நீதிமன்றம் அனுமதித்தால் மட்டும், பழைய விடுதலையை ரத்து செய்து மறுபடி விசாரிக்கலாம். அந்தக் கொலையில் 1996-இல் விடுதலையான ஒருவர் 2012-இல் தண்டனை பெற்றது இந்த வழியில்தான். கதவு இருக்கிறது, ஆனால் பூட்டும் இருக்கிறது. நம் ஊரில் துறை, தண்டத்தீர்வை, மேல்முறையீடு என்று மூன்று கதவு திறந்திருக்கிறது, எதை எப்போது மூடுவது என்பது அதிகாரிகளின் வேகத்தைப் பொறுத்திருக்கிறது. உங்கள் அண்ணன் இத்தனை வருடம் பட்ட பாட்டில் பாதி சட்டத்தால் வந்தது, பாதி அந்த மந்தத்தால் வந்தது என்பேன்.

அப்புறம், உடனே செய்ய வேண்டியவை. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் எல்லாச் சாட்சிகளின் வாக்குமூல நகலும் வாங்குங்கள், தீர்ப்பு மட்டும் போதாது. துறைக் குற்றச்சாட்டையும் கோர்ட்டுக் குற்றச்சாட்டையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி, தேதி, தொகை, சாட்சி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள். குறிப்பாணைக்கு விளக்கம் கொடுக்கக் கெடு போட்டிருப்பார்கள், அதற்குள் பதில் போக வேண்டும். ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டாவது ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு. தண்டத்தீர்வை விசாரணைக்கு நேரில் போங்கள், போகாமல் விட்டால் ஒருதலை உத்தரவுதான். ஏதாவது தொகையைக் கட்டிவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று யாராவது நைசாகச் சொன்னால், கட்டுவதற்கு முன்னால் மேல்முறையீட்டைப் பார்க்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தண்டத்தீர்வையில் ஒப்புக்கொண்டு கட்டிய ரசீது, அமர்வு நீதிமன்றத்தில் அரசு வக்கீல் கையில் இருக்கும்.